குட்டைப் பெட்டி டிரக்குக்கு எந்த ஹிட்ச்?

ஆறரை அடிச் சரக்குப் பெட்டி உள்ள பிக்கப் டிரக்கில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் இழுக்கப் போகிறேன் என்று அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு கடையில் சொல்லிப் பாருங்கள். "குட்டைப் பெட்டியா? அப்படியானால் ஸ்லைடர்தான்" என்று மறுபேச்சுக்கு இடமில்லாமல் சொல்வார்கள். உடனே தலையாட்டிவிட வேண்டாம். ஹிட்ச் என்பது டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் கருவி. ஸ்லைடர் என்பது பெட்டிக்குள் பின்னோக்கி நகரக்கூடிய ஹிட்ச். அதில் கையால் நகர்த்துவது, தானாக நகர்வது என இரண்டு வகை உண்டு. விலையில் மட்டுமல்ல, வேலை செய்யும் முறையிலேயே இரண்டும் வேறு வேறு. நகரவே நகராத சாதாரண ஹிட்ச் போதுமான டிரக்குகளும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு எது ஏற்றது என்பதை விற்பனையாளரைவிட ஓர் அளவுநாடாவும், ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைச் சீட்டும் சரியாகச் சொல்லிவிடும்.

இந்த வண்டிகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் கொண்ட இழுவை வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிரக்கின் பின் பம்பருக்குக் கீழே இருக்கும் இரும்புப் பந்தில் மாட்டிக்கொள்வது. மற்றொன்றின் முன்பகுதி மாடிபோல உயர்ந்து, டிரக்கின் சரக்குப் பெட்டிக்கு மேலேயே வந்து உட்காரும். அதுதான் ஃபிஃப்த் வீல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர் லாரிகளில் இருக்கும் அதே ஏற்பாடுதான் இது. டிரெய்லரின் அடியில் கிங்பின் என்ற இரண்டு அங்குல விட்டமுள்ள இரும்புத் தண்டு தொங்கும். டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஓரிரு அங்குலம் முன்னே பொருத்திய ஹிட்சின் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். பாரம் அச்சின் மேலேயே விழுவதால், நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு போனாலும் டிரெய்லர் வாலாட்டாது. பந்தில் மாட்டும் வகையை விட்டுவிட்டுப் பலர் இதற்கு மாறுவது இந்த நிதானத்துக்காகத்தான்.

இடிக்கும் இடம் எது?

டிரெய்லர் கிங்பின்னைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் முன்மூலை டிரக்கின் கேபினை நோக்கி வரும். பெரிய டிரெய்லர்களின் அகலம் 96 முதல் 102 அங்குலம் வரை. 102 என்றே வைத்துக்கொண்டால் அதில் பாதி 51. டிரெய்லர் டிரக்குக்குச் செங்குத்தாக நிற்கும்போது, கிங்பின்னிலிருந்து அந்த மூலை கேபின் பக்கம் 51 அங்குலம் நீண்டு நிற்கும்.

எட்டு அடிப் பெட்டியுள்ள டிரக்கில் பின் அச்சிலிருந்து கேபினின் பின்சுவர் வரை ஏறத்தாழ 56 அங்குலம் இருக்கும். இடிக்காது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் குட்டைப் பெட்டி 6 அடி 9 அங்குலம். ராம் 2500இல் 6 அடி 4 அங்குலம். இவற்றில் அந்த இடைவெளி நாற்பது அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. எஃப்-150 போன்ற, அரை டன் என்று வழங்கும் இலகு ரக டிரக்குகளில் வரும் ஐந்தரை அடிப் பெட்டியில் இன்னும் ஏறத்தாழ ஓர் அடி குறையும்.

ஐம்பத்தொன்றுக்கு நாற்பது என்றால் இடிக்கும்தானே என்று கேட்கலாம். எந்தக் கோணத்தில் இடிக்கும் என்பதுதான் கேள்வி. கிங்பின் டிரெய்லரின் தட்டையான முன்சுவருக்கு நேர் கீழே இருந்தால், டிரெய்லர் 52 டிகிரி அளவு திரும்பியதும் மூலை கேபினைத் தொட்டுவிடும். கிங்பின்னைத் தாங்கி நிற்கும் இரும்புக் கைக்கு பின் பாக்ஸ் (pin box) என்று பெயர். அது கிங்பின்னை முன்சுவரிலிருந்து ஓர் அடி முன்னே நீட்டி வைத்திருந்தால் 63 டிகிரி வரை போகலாம். மாறாக, பழைய வண்டிகள் சிலவற்றில் முன்சுவர் கிங்பின்னைத் தாண்டி ஆறு அங்குலம் முன்னே துருத்திக்கொண்டிருக்கும். அதில் 45 டிகிரியிலேயே கேபினின் பின்கண்ணாடி போய்விடும். ஒரே டிரக், ஒரே ஹிட்ச். டிரெய்லரின் மூக்கை வைத்து மட்டுமே இத்தனை வேறுபாடு.

இந்த நிலைமையை டிரெய்லர் தயாரிப்பாளர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்க இழுவை வீடுகளில் பெரும்பகுதி தயாராகும் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்திலிருந்து இப்போது வரும் புதிய ஃபிஃப்த் வீல்கள் பலவற்றில், முன்முகத்தின் இரு மூலைகளும் உள்வாங்கிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் மூக்கு குறுகலாகத் தொடங்கி, மூன்று அடிக்கு மேல் பின்னே போன பிறகே முழு அகலத்தை எட்டும். அப்படிப்பட்ட டிரெய்லர் செங்குத்தாகத் திரும்பினாலும் அதன் அகலமான பகுதி கேபினுக்குப் பக்கவாட்டில் போய்விடும். கேபினுக்கு நேராக வருவது செதுக்கிய பகுதி மட்டுமே. குட்டைப் பெட்டியில் 90 டிகிரி திருப்பலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் இதை நம்பித்தான் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் டிரக்கின் பெட்டி நீளம் அவர்கள் கணக்கில் வைத்த நீளம்தானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறே முக்கால் அடிக்குப் பொருந்துவது ஐந்தரை அடிக்குப் பொருந்தாது.

ஆகவே ஹிட்ச் விலைப்பட்டியலைத் திறக்கும் முன் மூன்று அளவுகளை எடுத்துவிடுங்கள். பின் அச்சின் மையத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரை எவ்வளவு. கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் முன்சுவர் வரை எவ்வளவு. டிரெய்லர் முழு அகலத்தை எட்டும் மூலை கிங்பின்னுக்கு எவ்வளவு பின்னே இருக்கிறது. இவற்றை ஒரு தாளில் அளவு குறைத்து வரைந்து, டிரெய்லர் வடிவத்தை அட்டையில் வெட்டி, கிங்பின் இடத்தில் குண்டூசி குத்திச் சுழற்றினால் எங்கே இடிக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை.

கதவோரச் சீட்டின் கணக்கு

இடைவெளியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். குட்டைப் பெட்டி டிரக் வைத்திருப்பவர்களில் பலருக்கு உண்மையான முட்டுக்கட்டை எடைதான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இடைவெளியில் தவறினால் உடைவது கண்ணாடி. எடையில் தவறினால் டயரும் பிரேக்கும் உயிரும் ஆபத்தில் இருக்கின்றன.

ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. பந்தில் மாட்டும் டிரெய்லரில் இது 10 முதல் 15 சதவீதம்தான். தண்ணீர், பாத்திரம், துணிமணி எல்லாம் ஏற்றிய பின் 10,000 பவுண்டு வரும் நடுத்தர ஃபிஃப்த் வீலை எடுத்துக்கொள்வோம். இருபது சதவீதம் என்றால் 2,000 பவுண்டு டிரக்கின் முதுகில். இதோடு ஹிட்சின் எடையைக் கூட்ட வேண்டும். சாதாரண ஹிட்ச் நூறு பவுண்டுக்குச் சற்று மேலே இருக்கும். கையால் நகர்த்துவது இருநூறைத் தொடும். தானாக நகர்வது முந்நூறை நெருங்கும். பிறகு ஓட்டுநர், மனைவி, பிள்ளைகள், நாய், பெட்டியில் போட்ட விறகு, சைக்கிள்.

இப்போது கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் படியுங்கள். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த எண் உங்கள் டிரக்குக்கு மட்டுமே உரியது. விளம்பரக் கையேட்டில் போட்டிருக்கும் பெரிய எண், அந்த மாதிரியிலேயே மிக இலகுவான, மிக எளிமையான வண்டிக்கு உரியது. மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று பதிந்து வரும், முக்கால் டன் என்று வழங்கும் அடுத்த ரக டிரக்குகளில் டீசல் என்ஜின், நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, இந்த எண் இறங்கிக்கொண்டே வரும். 2,300 என்று சீட்டு சொல்லும் ஒரு டிரக்கில், நம் 10,000 பவுண்டு டிரெய்லரை முந்நூறு பவுண்டு ஹிட்சில் மாட்டினால் யாரும் ஏறும் முன்பே கணக்கு தீர்ந்துவிடுகிறது. 20,000 பவுண்டு இழுக்கும் திறன் என்று ஹிட்சின் மேல் பொறித்திருப்பது ஹிட்சின் வலிமை மட்டுமே. டிரக்கின் வலிமையை அது கூட்டித் தராது.

அரை டன் டிரக்குகளில் இந்த எண் பெரும்பாலும் ஆயிரத்து ஐந்நூறையோ அதற்குச் சற்று மேலாகவோ சுற்றி நிற்கும். அதில் தானாக நகரும் ஹிட்சைப் போட்டு ஃபிஃப்த் வீல் இழுக்க நினைப்பவர்கள், அரை டன்னுக்கு என்றே விற்கப்படும் டிரெய்லராக இருந்தாலும், வாங்கும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு விடை கசக்கும். அப்போது மாற்ற வேண்டியது டிரெய்லரையோ டிரக்கையோதான். ஹிட்சை மாற்றிப் பயனில்லை.

நான்கு வழிகள்

முதல் வழி, நகராத ஹிட்ச். அசையும் பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. பெட்டியிலிருந்து கழற்றி எடுப்பதும் எளிது; இரண்டு துண்டாகப் பிரியும் வகையை ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். கான்சாஸ் மாநிலத்து பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் கம்பானியன், ரீஸ், கர்ட் நிறுவனங்களின் மாதிரிகள் எல்லாம் இந்த வகையில் பரவலாக ஓடுகின்றன. ஆறே முக்கால் அடிப் பெட்டியும், மூலை செதுக்கிய புதிய டிரெய்லரும் உங்களிடம் இருந்தால் என் வாக்கு இதற்குத்தான். சாலையில் முன்னோக்கி ஓட்டும்போது அறுபது டிகிரியைத் தாண்டும் திருப்பம் அபூர்வம். பெட்ரோல் நிலையத்தில் நெருக்கியடித்துத் திரும்பும்போதும், முகாம் மைதானத்தில் பின்னால் எடுக்கும்போதும்தான் கவனம் வேண்டும்.

இரண்டாவது, கையால் நகர்த்தும் ஸ்லைடர். நெம்புகோலை இழுத்துவிட்டால் ஹிட்சின் தலை பத்து முதல் பதினான்கு அங்குலம் வரை பின்னே போகும். நாற்பதோடு பன்னிரண்டைக் கூட்டினால் 52; ஐம்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. தாளில் பார்த்தால் சிக்கல் தீர்ந்தது. நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். திருப்பத்துக்கு முன்பே டிரக்கை நேராக நிறுத்த வேண்டும். இறங்கிப் போய் நெம்புகோலை விடுவிக்க வேண்டும். மீண்டும் ஏறி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே நகர்த்த வேண்டும். டிரெய்லர் நின்ற இடத்திலேயே நிற்க, ஹிட்ச் பின்னால் சென்று 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். சில நேரம் பூட்டாது. மறுபடி இறங்க வேண்டும். இடத்தில் நிறுத்தி முடித்ததும் இதையே தலைகீழாகச் செய்து ஹிட்சை முன்னே கொண்டுவர வேண்டும். பின்னே தள்ளிய நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது. அப்போது பாரம் பின் அச்சுக்குப் பின்னே விழுந்து, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து இலேசாக்கும். ஸ்டீயரிங் பிடி தளரும். முகாம் வேகத்துக்கு மட்டுமே உரிய நிலை அது.

என் நண்பர் ஒருவர் ஒன்டாரியோவில் மாகாணப் பூங்கா ஒன்றில் மாலை இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். இருபுறமும் மரங்கள், குறுகிய மண்பாதை, பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருக்கின்றன. இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு பைன் மரத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் எடுத்தவர், வலப்பக்கம் டிரெய்லரின் மூலை கேபினை நெருங்குவதைப் பார்க்கவில்லை. முதலில் கூரையோரத் தகடு நசுங்கியது. அடுத்த நொடி பின்கண்ணாடி பொடிப்பொடியாகப் பின்னிருக்கையில் கொட்டியது. அதில் குழந்தை இருக்கை ஒன்று இருந்தது. நல்ல வேளையாகக் குழந்தை அதில் இல்லை, தாயோடு கீழே நின்றிருந்தது. அவர் டிரக்கில் இருந்தது கையால் நகர்த்தும் நல்ல ஸ்லைடர். முன்நிலையில், ஒழுங்காகப் பூட்டியபடி இருந்தது.

கையால் நகர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். நெருக்கடி வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். அப்படித் தெரிந்து, நிறுத்தி, இறங்கிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்குப் பெரும்பாலும் நகராத ஹிட்சே போதும். அவர் மூலையைக் கவனித்து, முன்னே எடுத்து, மறுபடி கோணம் சரிசெய்து உள்ளே போய்விடுவார். களைத்து, அவசரத்தில், கண்ணாடியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவரை அது காப்பாற்றாது. ஒரே ஒரு நிலையில் அதைப் பரிந்துரைப்பேன். உங்கள் வீட்டு வாசலிலோ, வழக்கமாக நிறுத்தும் இடத்திலோ எப்போதும் ஒரே மாதிரியான கூர்மையான திருப்பம் இருக்கிறது, மற்ற இடங்களில் சிக்கல் இல்லை என்றால், அந்த ஓர் இடத்துக்காக அதை வாங்குவது நியாயம்.

மூன்றாவது, தானாக நகரும் ஸ்லைடர். இண்டியானாவின் புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைடு இதில் நெடுநாளாகப் பெயர் பெற்றது. அயோவாவின் டெம்கோவும் இந்த வகை செய்கிறது. இதன் சூட்சுமம் அழகானது. சாதாரண ஹிட்சில் கிங்பின் தாடைக்குள் தாராளமாகச் சுழலும். இதில் கிங்பின்னைச் சுற்றி ஒரு தகட்டைப் பொருத்தி, அது ஹிட்சின் தலையோடு சேர்ந்தே திரும்பும்படி பிணைத்துவிடுகிறார்கள். டிரெய்லர் திரும்பினால் தலை திரும்பும். தலை திரும்பினால் அடியில் உள்ள அமைப்பு அதைப் படிப்படியாகப் பின்னே தள்ளும். கோணம் கூடக் கூட இடைவெளியும் கூடுகிறது. நேரானதும் ஹிட்ச் தன் பழைய இடத்துக்கு, அச்சின் மேலே, வந்துவிடுகிறது. ஓட்டுநர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால், டிரக் ஒடிந்து திரும்பும்போது டிரெய்லர் கேபினை விட்டு மெல்ல விலகிப் போவதும், மூலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி அப்படியே நிலைத்திருப்பதும் தெரியும்.

ஐந்தரை அடிப் பெட்டி என்றால், எடைக் கணக்கு இடம் கொடுக்கும் பட்சத்தில், இதைத் தவிர வேறு எந்த ஹிட்சையும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டிக்கென்றே கூடுதல் தூரம் நகரும் வகைகள் வருகின்றன. ஆறரை அடிப் பெட்டியில் மூலை செதுக்காத பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நிம்மதி. குறைகளும் சொல்ல வேண்டும். சாதாரண ஹிட்சைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. எடையோ ஒரு பெரிய ஆளை எப்போதும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். மாட்டும்போதும் கழற்றும்போதும் டிரக்கும் டிரெய்லரும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். வளைந்து நிற்கும்போது கழற்றினால் தலை பின்னேயே நின்றுவிடும், மறுபடி மாட்டுவது பெரும்பாடு. நகரும் பாகங்களுக்கு முறையாகக் கிரீஸ் வைக்க வேண்டும். கிங்பின்னில் பொருத்தும் தகட்டை உங்கள் பின் பாக்ஸுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரக் வழியில் நின்றுபோய் வேறொருவரின் சாதாரண ஹிட்சில் டிரெய்லரை மாட்ட நேர்ந்தால் அந்தத் தகட்டை என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

நான்காவது வழி டிரக்கைத் தொடாமல் டிரெய்லரை மாற்றுவது. ரீஸ் நிறுவனத்தின் சைட்வைண்டர், அதன் பின் வந்த ரெவல்யூஷன் ஆகியவை டிரெய்லரோடு வந்த பின் பாக்ஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துபவை. கிங்பின்னை ஓர் ஆப்பு வைத்து ஹிட்சில் திரும்பாதபடி இறுக்கிவிடுகிறார்கள். திருப்பம் முழுவதும் ஏறத்தாழ இருபது அங்குலம் பின்னே உள்ள ஒரு சுழலும் மேடையில் நடக்கிறது. நாற்பதும் இருபதும் அறுபது. எட்டு அடிப் பெட்டியைவிடத் தாராளம். டிரக்கில் சாதாரண ஹிட்ச் இருந்தால் போதும். டிரக்கை அடிக்கடி மாற்றுபவர்களுக்கும், டிரக்கின் பெட்டியை மற்ற நாட்களில் வேலைக்குப் பயன்படுத்துபவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆப்பு உங்கள் ஹிட்சின் மாதிரிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. டிரெய்லரின் அடிச்சட்டத்தின் மேல் புதிய வகை விசைகள் விழுகின்றன என்பதால், சட்டத்தைச் செய்தவர் இந்தப் பின் பாக்ஸை ஏற்கிறாரா, உத்தரவாதம் நிலைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னொன்று. கிங்பின்னின் கீழே நீண்ட குழாயை மாட்டி, டிரக் பெட்டியின் தரையில் உள்ள பந்தில் இணைக்கும் மலிவான இணைப்புகள் பற்றிப் பேச்சு வந்தால், இதே காரணத்துக்காக விலகி நிற்கவே சொல்வேன். அந்த நீளம் நெம்புகோலாக மாறி அடிச்சட்டத்தை முறுக்கும்.

இந்த நான்கிலும் சேராமல் தனியே நிற்பது ஐடஹோவின் ஆண்டர்சன் நிறுவனத்து அல்டிமேட். அலுமினியத்தில் வரும் அதன் எடை முப்பத்தைந்து பவுண்டுதான். தாடையும் தட்டும் கிடையாது. கிங்பின்னில் ஒரு குட்டையான கவசத்தைப் பொருத்தி, முக்கோணச் சட்டத்தின் மேலுள்ள பந்தில் மாட்டுகிறார்கள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கதவோரச் சீட்டின் கணக்கில் நூறு, இருநூறு பவுண்டு மிச்சப்படுவது சிறிய விஷயமல்ல. ஆனால் பந்தைச் சில அங்குலம் பின்னே வைக்கலாமே தவிர, அது நகராத ஹிட்ச்தான். ஆகவே மூலை செதுக்கிய டிரெய்லரோடு மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் எப்படிப் பொருத்துவது

ஃபோர்டு 2011 முதல் சூப்பர் டியூட்டி டிரக்குகளில் தொழிற்சாலையிலேயே பொருத்துதளம் தரத் தொடங்கியது. பெட்டியின் தரையில் நான்கு வட்டக் குழிகளும் நடுவில் பந்துக்கான துளையும் இருக்கும். மற்ற தயாரிப்பாளர்களும் பின்தொடர்ந்தார்கள். உங்கள் டிரக்கில் இது இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதற்கேற்ற கால்களுள்ள ஹிட்சை வாங்கிக் கால்வாசிச் சுற்று திருப்பிப் பூட்டினால் வேலை முடிந்தது. கழற்றினால் தரை வெறுமையாகிவிடும். இல்லாத டிரக்கில் பெட்டியின் தரையைத் துளைத்து, அடியில் சேஸியோடு பிணைக்கும் இரும்புத் தண்டவாளங்கள் போட வேண்டும். விலை குறைவு, ஆனால் தரையில் எப்போதும் இரண்டு மேடுகள் கிடக்கும், மண் அள்ளும்போது மண்வெட்டி தட்டும். எதுவானாலும் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே2638 என்ற தரத்தின்படி சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. பெட்டியின் பக்கச் சுவர்களின் மேல்விளிம்புக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவில் ஆறு அங்குலமாவது வேண்டும். மேடு பள்ளத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் சாயும்போது அந்த ஆறு அங்குலம்தான் சுவரைக் காக்கும். அண்மைக்கால டிரக்குகளின் பக்கச் சுவர்கள் உயர்ந்துவிட்டன. அதற்காக ஹிட்சை உயர்த்தினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பாரம் டிரெய்லரின் பின் அச்சில் குவியும். இடைவெளி, சமநிலை இரண்டையும் சேர்த்தே பார்த்து உயரம் வைக்க வேண்டும்.

தாடையைப் பற்றி ஒரு வார்த்தை. கிங்பின்னின் இடுப்பு குறுகலானது. தாடை அந்த இடுப்பைக் கவ்வ வேண்டும். டிரெய்லர் சற்றே உயரமாக நிற்கும்போது டிரக்கைப் பின்னால் எடுத்தால், கிங்பின் தாடைக்குள் இறங்காமல் அதன் மேலே உட்கார்ந்துவிடும். நெம்புகோல் பூட்டியதுபோலவே தோன்றும். முதல் திருப்பத்தில் டிரெய்லர் வழுக்கிப் பெட்டியின் பக்கச் சுவர்கள் மேல் விழும். எந்த ஹிட்ச் வாங்கினாலும், மாட்டியதும் டார்ச் அடித்துத் தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பொருந்தவில்லை. பிறகு டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அதன் முன்கால்களை முழுதும் தூக்கும் முன், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். கிங்பின்னை நின்ற இடத்திலிருந்தே குனிந்து பார்க்க முடிகிற அமைப்புள்ள ஹிட்சுக்கு நூறு டாலர் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம்.

இப்போது உங்கள் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறே முக்கால் அடிப் பெட்டி, செதுக்கிய மூக்கு, சீட்டில் இடம் இருக்கிறது என்றால் நகராத ஹிட்சை வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். அதே பெட்டியில் தட்டை மூக்கு என்றால் தானாக நகரும் ஹிட்சும் சுழலும் பின் பாக்ஸும் இரண்டுமே சரி. டிரக் நீண்ட நாள் உங்களிடம் இருக்கப் போகிறதென்றால் முன்னது, டிரெய்லர்தான் நிலைக்கப் போகிறதென்றால் பின்னது. சீட்டில் இடம் இல்லை என்றால் சிறிய டிரெய்லர். ராமின் 6 அடி 4 அங்குலப் பெட்டி இரண்டுங்கெட்டான் அளவு. அங்கே குண்டூசியும் அட்டையும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஹிட்ச் வந்து பொருத்தியதும், ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போங்கள். ஒருவர் கேபினுக்குப் பக்கத்தில், வண்டி நகரும் வழியை விட்டு விலகி நின்று, மூலையைப் பார்க்கட்டும். நடை வேகத்தைவிடக் குறைவாக, ஒரு பக்கம் முழுதும் ஒடித்துப் பின்னால் எடுங்கள். மூலைக்கும் கேபினுக்கும் ஒரு சாண் இடைவெளி வந்ததும் அவர் கை காட்ட, அங்கேயே நிறுத்துங்கள். இருக்கையில் இருந்தபடியே பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் எந்தப் பகுதி தெரிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பளிச்சென்ற நிறநாடா ஒட்டுங்கள். பிறகு மறுபக்கம் திருப்பி அதையே செய்யுங்கள். திரும்பும் வழியில் லாரி நிறுத்தும் நிலையங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டு வாங்குங்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தால், கிங்பின் உண்மையில் எத்தனை பவுண்டை டிரக்கின் முதுகில் ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.